சுருளும் இலையும் தெளிகருவியும்: எமது வைரசை நாமே வாசிக்க வேண்டும்

கொக்குவிலில் இருந்து கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் திரும்பும் ஒழுங்கைகளில் செம்மண் தோட்டங்கள் இன்னமும் எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் ஒரு சில காணிகளில் மதில் எழுகிறது, வீடு எழுகிறது. மிஞ்சிய துண்டுகளில் மிளகாய், கத்தரி, வெங்காயம், வாழை, வேலியோரம் நாலு மரவள்ளி, கிணற்றடியில் ஒரு பப்பாசி. அந்தத் தோட்டங்களில் எந்தக் கமக்காரரை நிறுத்திக் கேட்டாலும் முதலில் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "இலை சுருளுது. என்ன மருந்து அடிச்சும் நிக்குதில்லை."

அந்த முறைப்பாட்டுக்கு இன்று கிடைக்கும் பதில் பெரும்பாலும் கடையில் இருந்துதான் வருகிறது. ஒரு போத்தல் கேட்காவிட்டால் இன்னொரு போத்தல். செலவு கூடுகிறது, கிணற்றுத் தண்ணீர் கெடுகிறது, தெளிகருவியைத் தோளில் சுமப்பவரின் உடலும் கெடுகிறது. ஆனால் சுருண்ட இலைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் கமக்காரருக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் உலக விஞ்ஞானம் அந்த இலைக்குள் மிக ஆழமாகப் போய்ப் பார்த்திருக்கிறது. அதன் பயன் எமது வரம்பு வரை வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பது விஞ்ஞானக் கேள்வி மட்டுமல்ல, போருக்குப் பின்னான எமது அரசியல் கேள்வியும்கூட.

நோபல் பரிசும் ஒரு சிறு துணுக்கும்

2024 ஒக்ரோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு விக்டர் அம்புரோஸ், கரி ருவ்குன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு அறிவிக்கப்பட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற மிகச் சிறிய மூலக்கூற்றைக் கண்டுபிடித்ததற்கே அந்தப் பரிசு. 1993 இல், ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு புழுவில் அதை முதலில் கண்டார்கள். அது அந்தப் புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்றே பலர் ஒதுக்கினார்கள். 2000 ஆம் ஆண்டில் மனிதர் உட்பட வேறு விலங்குகளிலும் இத்தகைய துணுக்குகள் இருப்பது தெரிந்தது. 2002 இல் தாவரங்களிலும் அவை இருப்பது நிறுவப்பட்டது.

பாடசாலையில் உயிரியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ இருக்கிறது. அதில் உள்ள பரம்பரையலகின் செய்தியை ஆர்.என்.ஏ பிரதியெடுத்து வெளியே கொண்டுவருகிறது. அந்தச் செய்தியின்படி புரதம் ஆக்கப்படுகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ இந்த ஒழுங்கில் ஒரு தடுப்பாளர். தனக்குப் பொருந்தும் செய்தியைத் தேடிப் பிடித்து, அது புரதமாக மாறாமல் நிறுத்திவிடும். இலை எவ்வளவு அகலமாக விரிய வேண்டும், செடி எப்போது பூக்க வேண்டும், மண்ணில் பொசுபேற்று குறைந்தால் வேர் என்ன செய்ய வேண்டும் என்பவற்றில் எல்லாம் இந்தத் துணுக்குகளுக்குப் பங்கு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏயின் அளவு குழம்பினால், வேறு எந்த நோயும் இல்லாமலே இலை நெளிந்து சுருங்கி வளரும் என்பதை 2003 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒரு சுருட்டுக் கொட்டிலைப் போல

இந்தத் துணுக்கு தானாக உருவாவதில்லை. அதை வெட்டிச் சீராக்கப் புரதங்கள் ஒரு குழுவாக வேலை செய்கின்றன. கொக்குவில்காரருக்கு இதை விளக்கச் சுருட்டுக் கொட்டிலை விட நல்ல உதாரணம் இல்லை. ஒரு காலத்தில் இந்த ஊரில் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது சுருட்டுத் தொழிலால்தான். ஒருவர் புகையிலையின் நரம்பைக் கிழித்து எடுப்பார், ஒருவர் இலையை அளவாக வெட்டுவார், ஒருவர் சுற்றுவார், கடைசியில் நுனி சீராக்கப்பட்டுக் கட்டப்படும். ஒருவர் வராவிட்டால் அன்றைய வேலை முழுதும் தடுமாறும்.

தாவரக் கலத்திலும் அப்படித்தான். மைக்ரோ ஆர்.என்.ஏ முதலில் ஒரு நீண்ட இழையாக உருவாகி, தன் மேலேயே மடிந்து கொண்டை ஊசி போன்ற வடிவத்தைப் பெறுகிறது. அந்த மடிப்பை வெட்டும் கத்தி டி.சி.எல்.1 என்ற நொதியம். ஆனால் கத்தி மட்டும் போதாது. எச்.வை.எல்.1, செரேற் என்ற இரண்டு புரதங்கள் அருகில் நின்று வெட்ட வேண்டிய இடத்தைச் சரியாகப் பிடித்துக் கொடுக்கின்றன. இந்த இரண்டும் இல்லாவிட்டாலும் டி.சி.எல்.1 வெட்டும். ஆனால் மெதுவாக வெட்டும், இடமும் தவறும். இடம் தவறினால் துணுக்கு தன் இலக்கை அடையாளம் காணாது.

சரியாக வெட்டப்பட்டால் பெரும்பாலும் 21 எழுத்து நீளமுள்ள இரட்டை இழைத் துணுக்கு கிடைக்கும். அதன் நுனிகளுக்கு ஹென் 1 என்ற புரதம் ஒரு சிறு மெதைல் கூட்டத்தைப் பூட்டிவிடுகிறது. சுருட்டின் நுனியைக் கட்டுவதுபோல. அந்தக் கட்டு இல்லாத துணுக்கைக் கலம் குப்பை என்று எண்ணி அழித்துவிடும். பின்னர் துணுக்கின் ஓர் இழையை ஆர்கோனோற் 1 என்ற புரதம் ஏந்திக்கொண்டு இலக்கைத் தேடிப் போகிறது. பொருந்தும் செய்தி கிடைத்தவுடன் அதை வெட்டிவிடுகிறது. இந்தப் புரதம் குறைபட்ட செடியின் இலைகள் ஆர்கோனோற் என்ற கணவாய் இனத்தை நினைவூட்டியதால்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. டி.சி.எல்.1 முற்றாக இல்லாத செடியோ வித்தின் முளைய நிலையைக்கூடத் தாண்டுவதில்லை.

விலங்குக் கலங்களில் இந்த வெட்டு இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு நொதியங்களால் நடக்கிறது: ஒன்று கருவுக்குள், மற்றது குழியவுருவில். தாவரத்தில் இரண்டு வெட்டையும் கருவுக்குள்ளேயே டி.சி.எல்.1 செய்து முடிக்கிறது.

புகையிலை சொன்ன பாடம்

இதே வகைப் புரதங்கள்தான் தாவரத்தின் நோயெதிர்ப்பும். வைரசு ஒன்று உள்ளே புகுந்து பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ தோன்றுகிறது. டி.சி.எல்.1 இன் சகோதரர்களான டி.சி.எல்.4, டி.சி.எல்.2 போன்ற நொதியங்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. அந்தத் துண்டுகளுக்கும் ஹென் 1 நுனி கட்டுகிறது. அவற்றையும் ஆர்கோனோற் ஏந்திப்போய், அதே வைரசின் மற்றப் பிரதிகளைத் தேடி வெட்டுகிறது. செடி தன் எதிரியின் துண்டையே அடையாள அட்டையாக வைத்து எதிரியைப் பிடிக்கிறது.

இந்தப் பாதுகாப்பின் முதல் தடயம் கிடைத்தது புகையிலையில். 1928 இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் விங்கார்ட் என்ற ஆய்வாளர், வளையப்புள்ளி வைரசு தாக்கிய புகையிலைச் செடிகளில் கீழ் இலைகள் கருகியிருக்க, பின்னர் வந்த மேல் இலைகள் நோயின்றித் தளிர்த்ததைப் பதிவு செய்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1999 இல் பிரித்தானியாவில் அன்ட்ரூ ஹமில்ரன், டேவிட் போல்கொம்ப் இருவரும் தாவரங்களில் அந்தச் சிறு ஆர்.என்.ஏ துண்டுகளைக் கண்டபோதுதான் விடை கிடைக்கத் தொடங்கியது. எழுபது ஆண்டுகள் ஒரு கவனிப்பு தன் விளக்கத்துக்காகக் காத்திருந்தது. எமது தோட்டங்களில் புகையிலை வைத்த பெரியவர்களும் இப்படி எத்தனையோ கவனித்திருப்பார்கள். எழுதி வைக்க ஓர் இடம் இருக்கவில்லை.

இலங்கையின் பெயர் கொண்ட ஒரு வைரசு

செடி இப்படித் தன்னைக் காப்பாற்றுமானால் இலை ஏன் சுருள்கிறது? ஏனென்றால் வைரசும் சும்மா இருப்பதில்லை. செடியின் இந்தப் பாதுகாப்பை முடக்குவதற்கென்றே பல வைரசுகள் தனிப் புரதங்களை வைத்திருக்கின்றன.

இதற்கான மிகத் தெளிவான சான்று எமக்கு நெருக்கமான ஒரு பயிரில் கிடைத்தது. மரவள்ளி. இடப்பெயர்விலும் பொருளாதாரத் தடையிலும் எமது வயிற்றைக் காத்த கிழங்கு அது. அதன் இலையில் மஞ்சள் தேமல் விழுந்து, இலை கோணலாகி, கிழங்கு சிறுத்துப் போகும் நோயை எல்லோரும் கண்டிருப்பார்கள். அந்த நோயைத் தரும் வைரசுகளில் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே "இலங்கை மரவள்ளித் தேமல் வைரசு". 2002 இல் அது விரிவாக விவரிக்கப்பட்டது. வெண் ஈக்கள் அதைக் காவுகின்றன. நோயுற்ற தடிகளை நடுவதாலும் பரவுகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருக்கும் இந்த வைரசு 2015 இல் கம்போடியாவில் காணப்பட்டது. பின்னர் வியட்நாம், தாய்லாந்து, சீனா என்று பரவி, மரவள்ளியை நம்பிய பெரும் தொழில்களையே உலுக்கியிருக்கிறது.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் உள்ள டன்ஃபோர்த் தாவர விஞ்ஞான மையத்தில் செல்லப்பன், வனிதாராணி, குளோட் ஃபோக்கே ஆகியோர் இந்த வைரசுக் குடும்பத்தை ஆராய்ந்தார்கள். இலங்கை வைரசிலும் ஆபிரிக்க மரவள்ளி வைரசு ஒன்றிலும் ஏ.சி.4 என்ற புரதம் செடியின் பாதுகாப்பை வலுவாக அடக்குவதை 2004 இல் கண்டார்கள். 2005 இல் அவர்கள் இன்னொரு படி சென்றார்கள். அந்த ஆபிரிக்க வைரசின் ஏ.சி.4, செடியின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏக்களையே பிடித்துவைத்துக் கொள்கிறது, அதனால் அவை தம் வேலையைச் செய்ய முடியாமல் செடியின் வளர்ச்சியே குழம்புகிறது என்று காட்டினார்கள்.

ஆக, கோணிச் சுருண்ட இலை என்பது வைரசு இலையைத் தின்றதன் அடையாளம் அல்ல. இலைக்கு வடிவம் கொடுக்கும் கட்டளைகளை வைரசு தடுத்து வைத்திருப்பதன் அடையாளம். அந்தக் கட்டளைகளை மீட்டுக் கொடுக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. வைரசைக் கொல்லும் பயிர் மருந்து என்று ஒன்று கிடையாது. கடைகளில் விற்கப்படுவன வைரசைக் காவும் பூச்சிகளைக் கொல்வன. செடிக்குள் வைரசு புகுந்த பின் அடிக்கும் ஒவ்வொரு தாங்கி மருந்தும் அந்தச் செடியைப் பொறுத்தவரை வீண் செலவு.

மிளகாயில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கு சுருளலுக்கு வைரசு மட்டும் காரணமல்ல. பனிப்பூச்சி தாக்கினால் இலையின் ஓரம் படகுபோல் மேல்நோக்கி மடியும். சிற்றுண்ணி தாக்கினால் பெரும்பாலும் கீழ்நோக்கி மடியும். வெண் ஈ காவும் வைரசு இலையைச் சிறுப்பித்து, கணுக்களை நெருக்கி, செடியையே குறுக்கிவிடும். மூன்றும் ஒரே செடியில் சேர்ந்தும் இருக்கலாம். மூன்றுக்கும் வழி வேறு. பூச்சி மருந்து சிற்றுண்ணியைப் பல வேளை ஒன்றும் செய்யாது. அதன் எதிரிகளைக் கொன்று சிற்றுண்ணியைப் பெருக்கிவிடுவதும் உண்டு. எது எது என்று பிரித்தறியாமல் அடிப்பதே எமது தோட்டங்களில் வழமையாகிவிட்டது.

வெயிலில் மாறும் ஏமாற்றம்

இந்த ஆய்வுகளில் இருந்து எமக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று இருக்கிறது. செடியின் இந்த வெட்டும் பாதுகாப்பு வெப்பத்தோடு வலுக்கிறது. மரவள்ளி வைரசுகளில் செய்த சோதனைகளில், 25 பாகையில் கடுமையாக இருந்த நோய்க்குறிகள் 30 பாகையில் தணிந்தன. இலங்கை வைரசு "மீளும் வகை" என்றே வகைப்படுத்தப்பட்டது. அதாவது முதலில் கடுமையாகத் தாக்கி, பின்னர் வரும் இலைகள் தெளிவாகத் தோன்றும்.

எமது கோடையில் இது எப்படித் தெரியும்? தேமல் விழுந்த மரவள்ளி புது இலையில் தெளிந்துவிடும். "நோய் விட்டிட்டுது" என்று நினைத்து அந்தத் தடியையே அடுத்த நடுகைக்கு வெட்டுவோம். ஆனால் குறி தணிந்தது என்றால் வைரசு முற்றாக நீங்கிவிட்டது என்று பொருளல்ல. குறைந்த அளவில் தடிக்குள் இருந்துகொண்டு அடுத்த தோட்டத்துக்கும் போகலாம். எனவே நடுவதற்கான தடியைத் தொடக்கம் முதல் தேமல் காட்டாத செடியில் இருந்தே எடுக்க வேண்டும். அதற்குச் செடி இளமையாக இருக்கும்போதே பார்த்து, நல்லதற்கு அடையாளம் கட்டி வைக்க வேண்டும். செலவில்லாத வேலை இது. ஆனால் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

பொருந்தினால்தான் வெட்டும்

இந்தப் பாதுகாப்பை மனிதர் பயன்படுத்தவும் தொடங்கிவிட்டார்கள். ஹவாய் தீவில் வளையப்புள்ளி வைரசு பப்பாசித் தோட்டங்களை அழித்தபோது, டெனிஸ் கொன்சால்வஸ் தலைமையிலான குழு அந்த வைரசின் ஒரு பரம்பரையலகைப் பப்பாசிக்குள் செலுத்தி, செடி முன்கூட்டியே வைரசை அடையாளம் காணும்படி செய்தது. 1998 இல் அந்தப் பப்பாசி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராக இரட்டை இழை ஆர்.என்.ஏ தெளிப்பு ஒன்றை அங்கீகரித்தது. இரசாயன நஞ்சு போலன்றி, இலக்கான பூச்சியின் ஒரு பரம்பரையலகை மட்டும் அடக்கும் தெளிப்பு அது.

இவை நாளை எமது கடைகளுக்கும் வரலாம். வரும்போது இரண்டு தரப்பினர் கூச்சல் போடுவார்கள். ஒரு தரப்பு எல்லாம் நஞ்சு என்று சொல்லும். மற்றத் தரப்பு எல்லாம் அற்புதம் என்று விற்கும். இரண்டுக்கும் நடுவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது எவருடைய வைரசைப் பார்த்துச் செய்யப்பட்டது?

இந்தத் தொழில்நுட்பம் முழுவதும் பொருத்தத்தில் தங்கியிருக்கிறது. 21 எழுத்து பொருந்தினால் வெட்டும், பொருந்தாவிட்டால் வெட்டாது. ஹவாய் வைரசைப் பார்த்துச் செய்த பப்பாசி வேறு நாட்டு வைரசு இனங்களுக்கு எதிராக அப்படியே நிற்கவில்லை. ஆகவே கொக்குவில் மிளகாயிலும் கோப்பாய் மரவள்ளியிலும் இருக்கும் வைரசின் எழுத்துக்களை இங்கேயே வாசித்து வைத்திருக்காவிட்டால், வெளியே இருந்து வரும் எந்தத் தீர்வும் எமக்குக் குருட்டு மருந்துதான். இன்னொரு போத்தல், அவ்வளவே.

வாசிக்க ஆட்களும் இடமும்

இந்த வாசிப்புக்கு இடம் எம்மிடம் இல்லாமல் இல்லை. கொக்குவிலுக்குப் பக்கத்தில் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது. கிளிநொச்சியில் தொடங்கப்பட்டு, போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் அறிவியல் நகருக்குத் திரும்பிய விவசாய பீடமும் இருக்கிறது. ஒரு பீடமே அகதியாக அலைந்த வரலாறு அது. ஆய்வுகூடத்தில் குளிரூட்டி தடையின்றி ஓட வேண்டிய ஆண்டுகளில் இந்தக் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. யூரியாவும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்தன. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் ஒரே இரவில் வெளியேறியபோது, வீட்டோடு வித்து வெங்காயமும் மரவள்ளித் தடியும் விடப்பட்டன. திரும்பி வந்தவர்கள் எங்கிருந்து எந்தத் தடியைக் கொண்டுவந்து நட்டார்கள், அதோடு எந்த வைரசு வந்தது என்பதற்குப் பதிவு வைக்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை.

அந்த இழப்பின் மேல் 2021 மே மாதத்தில் இன்னொன்று விழுந்தது. இரசாயன உர, மருந்து இறக்குமதி ஒரே அறிவித்தலில் நிறுத்தப்பட்டது. விளைச்சல் விழுந்து, போராட்டங்கள் எழுந்த பின் நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. மருந்தைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் பிழை இல்லை. எதைக் கொண்டு குறைப்பது என்ற அறிவைக் கமக்காரருக்குக் கொடுக்காமல் கையில் இருந்ததைப் பறித்ததே பிழை. தடை நீங்கியதும் தெளிகருவி பழையபடி தோளில் ஏறியது. இடையில் ஒருவரும் எதையும் கற்கவில்லை.

எனவே கோரிக்கைகள் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. முதலாவது, வடக்கில் கமக்காரர் ஓர் இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வைரசா, சிற்றுண்ணியா, பனிப்பூச்சியா என்று சில நாட்களில் பதில் சொல்லும் ஒரு பரிசோதனை இடம். வைரசைக் கண்டறியும் பி.சி.ஆர் முறையைக் கொரோனாக் காலத்தில் நாடு முழுவதும் அறிந்துகொண்டது. மூக்குக்குச் செய்ததை இலைக்கும் செய்யலாம். இரண்டாவது, வைரசு நீக்கப்பட்ட மரவள்ளித் தடி, வாழைக் கன்று, மிளகாய் நாற்று ஆகியவற்றைத் தொடர்ந்து வழங்கும் நாற்றுமேடைகள். பூச்சி புகாத வலைக்குள் நாற்றை வளர்த்தாலே மிளகாய் தன் முதல் வாரங்களைத் தப்பிவிடும். மூன்றாவது, இங்குள்ள வைரசுகளின் எழுத்துக்களைப் பதிந்து, தமிழில் கமக்காரருக்கு விளங்கும்படி வெளியிடும் பொறுப்பு.

புலம்பெயர்ந்த எமது உறவுகளிலும் உயிரியல் ஆய்வுகூடங்களில் வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கோயிலுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் வரும் உதவியை எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒரு மாணவிக்கு ஆர்.என்.ஏயைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுக்கும் மூன்று மாதங்களும் ஓர் உதவிதான். அவர் கற்றதை அடுத்த ஆண்டு இன்னொருவருக்குச் சொல்லுவார்.

அதுவரை கமக்காரர் செய்யக்கூடியவை இவை. சுருண்ட மிளகாய் இலையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வில்லை வைத்துப் பாருங்கள். வெண் ஈ எழுந்து பறக்கிறதா, பனிப்பூச்சி ஊர்கிறதா, ஒன்றும் தெரியவில்லையா என்று பார்த்த பின் கடைக்குப் போங்கள். சிறுத்துக் குறுகிய இளஞ்செடியை மருந்தால் காப்பாற்ற முயலாமல் பிடுங்கிப் புதையுங்கள், அது பக்கத்துச் செடிக்குச் செய்யும் உதவி. தேமல் கண்ட மரவள்ளியில் தடி வெட்டாதீர்கள், கோடையில் அது எவ்வளவு தெளிவாகத் தளிர்த்தாலும். விவசாயப் போதனாசிரியர் தோட்டத்துக்கு வந்தால் மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன் நோயின் பெயரைக் கேளுங்கள்.